உள்பக்கம் திறக்கிற கதவு

மணியக்காரர் சீனிச்சாமி தம் வீட்டுக்குள்ளே ஒரு குளியலறை கட்டினார். அவர் குளிப்பதற்கு அல்ல. கொல்லையைத் தாண்டினால் ஆறு. பிறந்ததிலிருந்து அதில்தான் குளித்தார், அறை கட்டிய பிறகும் அதில்தான் குளித்தார். அந்த அறை, தாசில்தார் என்றைக்காவது வந்து தங்கினால் அவர் குளிப்பதற்கு. தாசில்தார் வருகிறேன் என்று சொல்லவில்லை. அறை இருந்தால் வருவார் என்பது சீனிச்சாமியின் எண்ணம்.

பெரியாற்று அணை வேலை நடந்த முகாமுக்கு அவர் ஒருமுறை போயிருந்தார். கூலிக்குப் போகவில்லை, கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிவிடுவார். அங்கே ஒரு துரை பங்களாவின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார். முன்பக்கம் பார்க்க விடவில்லை. பார்த்த மட்டுக்கும் வைத்து, கல் பாவிய தரை, மூலையில் முழ ஆழத்துக்கு ஒரு கல்தொட்டி, தொட்டியிலிருந்து சுவருக்கு அடியில் ஆற்றங்கரை வரைக்கும் சுட்டமண் குழாய் என்று கட்டி முடித்தார். குளித்த தண்ணீர் தொட்டியில் விழும், குழாய் வழியாக ஆற்றுக்குப் போகும். உத்தமபாளையத்திலிருந்து கீழே வீரபாண்டி வரைக்கும் இப்படி ஒரு அறை கிடையாது என்பார். அது உண்மைதான். மற்றவர்களுக்குப் புத்தி இருந்தது.

மலையைக் குடைந்து, மேற்கே போகிற தண்ணீரைக் கிழக்கே திருப்பி, அது முதன்முதலாக ஆற்றில் வந்த வருஷம் அந்த அறை தன் குணத்தைக் காட்டியது. நிலம் அளக்க வந்த சர்வேயர் ஒருவர் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். ஆறு ஏறி, கரையில் இருந்த குழாய் வாய் மூழ்கியது. தண்ணீர் வெளியே போக வேண்டிய வழியில் ஆறு உள்ளே திரும்பி வந்தது. சகதியும் சருகும் இரண்டு தவளையும் சர்வேயர் அதுவரைக்கும் ஊற்றிக்கொண்ட தண்ணீரும் ஒன்றாக முழங்கால் உயரம் நின்றன. அவர் மேலெல்லாம் சோப்போடு முக்காலி மேல் ஏறி நின்று சத்தம் போட்டார். வெளியே கைகட்டி நின்ற சீனிச்சாமி, தண்ணீர் போதுமா அய்யா, இன்னும் கொண்டுவரச் சொல்லவா என்று பணிவாகக் கேட்டாராம்.

சர்வேயர் ஈரத்துணியோடு வண்டி ஏறினார். அந்தக் கதை தாசில்தார் காதுக்குப் போகுமே என்ற பயத்தில்தான் சீனிச்சாமி ஞானமுத்துவைக் கூப்பிட ஆள் விட்டார்.

ஞானமுத்து இரும்பு வேலைக்காரர், மாதா கோயில் தெருவில் குடியிருப்பவர். அணை முகாமின் பட்டறையில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, வேலை முடிந்ததும் ஊரோடு வந்து உலை போட்டிருந்தார். குழாயைக் குனிந்து ஒருமுறை பார்த்தார். இதற்கு ஒரு மூடி போதும் என்றார். முகாமில் அதை வால்வு என்பார்கள். கரையில் குழாய் முடிகிற வாயில், மேலே கீல் வைத்து ஒரு வட்ட இரும்புத் தகடு வெளிப்பக்கமாகத் தொங்கும். வீட்டுத் தண்ணீர் வந்து தள்ளினால் திறக்கும். ஆறு ஏறினால் ஆறே அதை அழுத்தி மூடிவிடும். ஆள் வேண்டாம், காவல் வேண்டாம். நான்கு நாளில் செய்து, ஓரத்துக்குத் தோலும் வைத்து மாட்டினார்.

சீனிச்சாமி சந்தனக் கிண்ணத்தோடு பார்க்க வந்தார். பின்னாலேயே அவருடைய கோம்பை நாயும் வந்தது. குழாயைச் சுற்றிக் கரை போட மண் சுமந்தவர்களில் மலையம்மாளும் ஒருத்தி. அவள் புருஷன் அணை வேலைக்குப் போய் காய்ச்சலில் அங்கேயே செத்தவன். ஊருக்கு மணியக்காரரான சீனிச்சாமி அவளுக்குப் பெரியப்பன் மகன், அண்ணன் முறை. புருஷன் செத்த வருஷமே அவளையும் மண் சுமக்க வரச்சொல்லி ஆள் விட்டார். அன்றிலிருந்து அவள் அண்ணே என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். நாலு வருஷமாக அவர் அவளுக்கும் மணியக்காரர்தான்.

சீனிச்சாமி தகட்டை ஒரு விரலால் தூக்கினார். அது வெளியே திறந்தது. அவர் முகம் சுருங்கியது.

“ஏலே ஞானமுத்து, இது எந்தப் பக்கமாத் திறக்குது?”

“வெளிப்பக்கம்யா. வீட்டுத் தண்ணி தள்ளுனாத் திறக்கும். ஆறு தள்ளுனா மூடிக்கிரும்.”

“வீட்டுக் கதவு வெளியவாலே திறக்கும்? மாட்டுக் கொட்டடிக்கும் கச்சேரி லாக்கப்புக்கும்ல அப்படி வைப்பாக. வீட்டுக் கதவு உள்ள திறக்கணும். அப்பத்தான் சீதேவி உள்ள வருவா. வெளிய திறந்தா இருக்கிறவளும் எந்திரிச்சுப் போயிருவா.”

இது கதவு இல்லை, மூடி என்று ஞானமுத்து சொல்லிப் பார்த்தார். கீல் இருக்கிறது, திறக்கிறது, மூடுகிறது, அப்புறம் என்ன மூடி என்றார் சீனிச்சாமி. துரை பங்களாவிலும் வெளியேதான் திறக்கிறது என்று ஞானமுத்து சொன்னது, சொல்லியிருக்கக் கூடாத பேச்சு.

“தொரைக்குச் சீதேவியும் கெடையாது, மூதேவியும் கெடையாது. மாதா கோயில்ல முட்டிக்கால் போடுறவன், ஒனக்கும் நம்ம வழக்கம் தெரியாது. அதோட, வீட்டுக் கதவ ஆத்தங்கரையில கொண்டுபோய் வைப்பானா? கழட்டு. வீட்டுக்குள்ள, தொட்டியில மாட்டு. உள்பக்கமாத் திறக்கிறாப்புல.”

மலையம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

“அப்ப ஆத்துக்குல்ல வாசல் வச்சுக் குடுக்குறீக, மணியக்காரரே.”

“மண்ணு சுமக்க வந்தவ மண்ணச் சொம,” என்றார் அவர்.

ஞானமுத்து கழற்றினார். தகடு கரையிலிருந்து வீட்டுக்குள் வந்து, தொட்டியில் குழாய் வாயின் மேல் உள்பக்கமாகத் தொங்கியது. வீடு தள்ளினால் திறக்க வேண்டியது, ஆறு தள்ளினால் திறக்கும்படி ஆயிற்று. சீனிச்சாமி அதற்குச் சந்தனம் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, மாவிலை கட்டினார். ஊரில் யார் வீட்டுச் சாக்கடைக்கும் அப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை.

இனி விதைநெல் விஷயம்.

அது கம்பும் சோளமும் விதைத்த ஊர். ஆற்றை ஒட்டிய சில பேருக்குத்தான் நெல் பழக்கம். புதுத் தண்ணீர் வந்ததும் மேட்டு நிலமும் நஞ்சை ஆகும் என்று வாய்க்கால் வெட்டினார்கள். மலையம்மாளுடைய ஒரு குறுக்கம் நிலம் அந்த வாய்க்காலின் கடைசியில் இருந்தது. முறைத் தண்ணீர் கடைமடையிலிருந்துதான் தொடங்கும் என்று பேச்சு. ஆடி முதல் வாரம் அவள் முறை. அன்றைக்கு அவளிடம் பிடுங்கி நடுகிற பருவத்தில் நாற்று இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் மேலே போய்விடும், பிறகு அவள் வயலுக்கு எப்போது வரும் என்பது சீனிச்சாமியின் வாயில் இருக்கிறது. ஆனி முதல் வாரத்துக்குள் விதை நாற்றங்காலில் விழுந்தால்தான் ஆடிக்கு நாற்று.

விதை அவளிடம் இருந்தது. போன அறுப்புக்குச் சின்னமனூர்ப் பக்கம் போய், கூலியாக வந்த நெல்லைத் தின்னாமல், பதர் பார்த்து, கலப்பு பார்த்து எடுத்து, வைக்கோல் புரி சுற்றி ஒரு கோட்டையாகக் கட்டினாள். பெரிய பூசணி போல இருக்கும். இருந்தது அந்த ஒரு கோட்டைதான். அதை அவள் சீனிச்சாமியின் வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டி வந்தது. ஊர் விதையெல்லாம் தம் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அவர் தமுக்கு அடித்துச் சொல்லியிருந்தார். ஆனி கடைசியில் ஒரு நல்ல நாள். அன்று தாசில்தார் வருவார். அவர் முன்னால் சீனிச்சாமி தம் கையால் ஒவ்வொருவருக்கும் விதை எடுத்துக் கொடுப்பார். அவரவர் விதையை அவரவருக்கே. விதை கொண்டுவந்து வைக்காதவனுக்கு முறைத் தண்ணீர் கிடையாது.

முப்பது கோட்டைக்கு மேல் சேர்ந்தது. குளியலறைக்கு அடுத்து, இரண்டு படி இறங்கிப் போகிற பழைய தானிய அறையில் அடுக்கினார்கள். முதலில் கொண்டுவந்தவள் மலையம்மாள், அதனால் அவள் கோட்டை அடியில்.

ஆனி பிறக்கும்முன்பே அவள் போய்க் கேட்டாள். சீனிச்சாமி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“ஒன் ஒருத்தி கோட்டைய எடுத்துக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். தாசில்தார் வர்ற அன்னைக்கு என் கையால வாங்கிக்க.”

“அன்னைக்கு வாங்குனா கஞ்சிதான் காய்ச்சணும். என் முறை ஆடி மொத வாரம்.”

“முறையத் தள்ளி வச்சாப் போச்சு.”

“யாரு தள்ளி வைக்கிறது?”

“நான்தான்.”

“வைப்பீகளா?”

“பாப்போம்,” என்றார். பார்ப்போம் என்று அவர் சொன்னதில் எதையும் அவர் பார்த்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அவர் மனைவி அக்கம்மாள் சமையல்கட்டிலிருந்து மலையம்மாளுக்குக் கைகாட்டினாள். கோட்டையை எடுத்துக் கொடுக்கப்போகிறாளோ என்று போனால், குளியலறையைக் காட்டினாள். அன்று காலை அவள் உள்ளே இரண்டு பாத்திரம் கழுவியிருக்கிறாள். தண்ணீர் தொட்டியில் நின்று தகட்டை அழுத்தி, தகடு குழாயை இறுக மூடிக்கொண்டு, ஒரு சொட்டு போகவில்லை. ஆற்றுப்பக்கம் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் குழாய் காய்ந்து கிடந்தது. அவள் செம்பால் மொண்டு மொண்டு கொல்லையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இதைப் புருஷனிடம் சொன்னாளாம். வீட்டுத் தண்ணீர் வீட்டிலேயே தங்குவது நல்லதுதான், கதவு வேலை செய்கிறது என்றாராம்.

“சிரிக்காத மலையம்மா. அவுக பெருமையாச் சொல்றாக,” என்றாள் அக்கம்மாள்.

“நான் சிரிக்கல மதினி. எம்புட்டு நேரமா நிக்குது இந்தத் தண்ணி?”

“காலையில இருந்து. நான் மொண்டாத்தான் உண்டு.”

மலையம்மாள் அந்தத் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த அறைக்குப் போகிற இரண்டு படியைப் பார்த்தாள். அங்கிருந்து நேரே ஞானமுத்துவின் உலைக்குப் போனாள்.

தண்ணீர் திறக்கிற அன்றைக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். ஞானமுத்து ஒளிக்கவில்லை. ஆறு ஏறும், தகட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், குளியலறையில் முழங்கால், படி இறங்கிய அறையில் இடுப்பு. மேலே முகாமில் தண்ணீரைக் குறைத்ததும் ஆறு இறங்கும். ஆனால் உள்ளே இருக்கிற தண்ணீர் இறங்காது. அது தகட்டை அழுத்திக்கொண்டு நிற்கும். வீடு குளம் மாதிரி ஆகிவிடும். நான் மறுபடி ஒரு தடவை போய்ச் சொல்லிப் பார்க்கட்டுமா அக்கா என்றார்.

“நீ சொன்ன. நானும் சொன்னேன். ரெண்டு தடவ சொல்ல நமக்கென்ன சம்பளமா?” என்றாள் அவள். பிறகு, அவருக்கு விளங்காத ஒரு கேள்வி கேட்டாள். “ஒரு பகல், ஒரு ராத்திரி நிக்குமா?”

“யாரும் தகட்டத் தூக்காத மட்டும் நிக்கும்.”

நெல்லை விதைக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். விதையை ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு எடுத்து வைக்கோலால் மூடிக் கல் ஏற்றினால் மறுநாள் முளை கட்டும். முளை கட்டியதும் நாற்றங்காலில் விதைத்துவிட வேண்டும். ஊறின விதை காத்திருக்காது. தாசில்தாருக்காகவும் காத்திருக்காது.

மலையம்மாள் வாய்க்கால் ஓரத்தில் நாற்றங்காலுக்குச் சேறு கலக்கினாள். குடத்தில் சுமந்து ஊற்றிய தண்ணீர்தான். ஊரில் மற்றவர்களிடமும் போய்ச் சொன்னாள்: தண்ணீர் திறக்கிற அன்று விதை நனையப் போகிறது, நாற்றங்காலைத் தயார் பண்ணி வையுங்கள். விதை பூட்டிக் கிடக்கும்போது நாற்றங்கால் எதற்கு என்று சிரித்தார்கள். மணியக்காரர் வீட்டுக்குள் ஆறு வருமா என்றார்கள். போன வருஷம் வந்ததே என்றால், அதற்குத்தான் கதவு வைத்தாரே என்றார்கள். நாலு வீட்டுக்காரர்கள் மட்டும் மண்வெட்டியை எடுத்தார்கள். அக்கம்மாளிடமும் சொன்னாள். அக்கம்மாள் புருஷனிடம் போய், கோட்டைகளைப் பரண் மேல் ஏற்றிவிடலாமா என்றாள். உனக்கு மலையம்மா ஓதிவிட்டாளா என்றார் அவர்.

ஆனி ஐந்தாம் தேதி தண்ணீர் வந்தது. வெயில் ஏறிய நேரம். தலைப்பாகை கட்டி, மேளத்தோடு, தேங்காய், பூ, தாம்பாளத்தோடு சீனிச்சாமி படித்துறையில் நின்று ஆற்றை வரவேற்றார். ஊர் அவர் பின்னால் நின்றது. செம்மண் கலங்கலாகத் தண்ணீர் நுரைத்து வந்து, படி படியாக ஏறி, அவர் கால் விரலைத் தொட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு இடப்பக்கம், இருபது முழம் தள்ளி, அவருடைய குழாய் வாய்க்குள் ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குள் கட்டிப்போட்ட கோம்பை நாய் விடாமல் குரைத்தது. ஆறு வந்தது அதற்கும் தெரிகிறது பாருங்கள் என்றார் சீனிச்சாமி.

அக்கம்மாள் கொல்லை வழியாக வந்தாள். சேலை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. அவர் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். போ என்று கண்ணால் விரட்டினார். அவள் போகவில்லை. சத்தமும் போடவில்லை. பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்:

“ஏங்க, ஆத்துக்கு இங்கன கற்பூரம் காட்ட வேணாம். அது நம்ம வீட்டுக்குள்ள வந்துருச்சு.”

மேளக்காரன் அடிப்பதை நிறுத்தினான்.

ஊர் முழுக்கக் கொல்லையில் கூடிவிட்டது. குளியலறையில் முழங்கால் தண்ணீர். படி இறங்குகிற அறையில் இடுப்பளவு. மேல் அடுக்குக் கோட்டைகள் சரிந்து மிதந்தன, அடி அடுக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. சந்தனமும் மாவிலையும் முற்றம் வரைக்கும் வந்திருந்தன. சீதேவி உள்ளே வந்துவிட்டாள் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். யார் என்று சீனிச்சாமி திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பிற்பகலில் மேலே தண்ணீரைக் குறைத்தார்கள். ஆறு ஒரு முழத்துக்கு மேல் இறங்கியது. கரையில் குழாய் வாய் வெளியே தெரிந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் அப்படியே நின்றது. ஞானமுத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஆறு எறங்கிருச்சுய்யா. கைய விட்டு அந்தத் தகட்டத் தூக்கிப் பிடிச்சாப் போதும். அரை மணியில வடிஞ்சிரும்.”

சீனிச்சாமி ஊரைப் பார்த்துத் திரும்பினார்.

“பாத்தீகளா. மூடியிருக்கிற கதவத் தொறக்கணுமாம். அந்தக் கதவு மட்டும் இல்லேன்னா ஆறு முழுசும்ல உள்ள இருக்கும். அது இம்புட்டோட நிப்பாட்டியிருக்கு. அதப் போய்த் தொறக்கச் சொல்றான்.”

ஞானமுத்து மலையம்மாளைப் பார்த்தார். அவள் விதை அடியில் கிடந்தது. அது தண்ணீருக்குள் போய் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். இப்போது தண்ணீரை வடித்துவிட்டால் விதை அரைகுறையாக நனைந்து, பூட்டிய அறையில் கிடந்து புழுங்கி வீணாகப் போகும். மலையம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

“மணியக்காரரு சொல்றதுதான் சரி. தொடாத தம்பி.”

அவள் அவரோடு ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. சீனிச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஊர் விதை மிதக்கிற வேளையில் அந்த மனுஷனுக்குச் சந்தோஷம்.

“ஒரு பொம்பளைக்குத் தெரியுறது, முகாம்ல ஏழு வருஷம் இருந்தவனுக்குத் தெரியல பாத்தியாலே,” என்றார்.

“தெரியலய்யா,” என்றார் ஞானமுத்து. நாற்றங்கால் வெட்டிய நாலு வீட்டுக்காரர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சீனிச்சாமி குளியலறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார், வேறு யாரும் அந்தக் கதவைத் தொட்டுவிடக் கூடாதே என்று.

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் பூட்டு திறந்தது. அதுவும் அக்கம்மாள் சமைக்கமாட்டேன் என்று உட்கார்ந்ததால். அடுப்படியிலும் ஈரம் ஏறியிருந்தது. புருஷன் முன்வாசலில் நின்று, ஆற்றின் கோபம் தணிய யாரிடம் குறி கேட்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த நேரம், அவள் உலக்கையைத் தண்ணீருக்குள் விட்டுத் தகட்டை ஒரு நெம்பு நெம்பி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அரை மணியில் தண்ணீர் போய்விட்டது. படி இறங்கிய அறையில் மிஞ்சியதை அவளும் மலையம்மாளும் மொண்டு ஊற்றினார்கள். சீனிச்சாமி வந்து பார்த்துவிட்டு, ஆறு தானாக இரங்கிப் போய்விட்டது என்று கும்பிட்டார். அக்கம்மாள் உலக்கையைத் துடைத்துச் சுவரில் சாத்தினாள்.

கோட்டைகள் ஒவ்வொன்றும் இரண்டு பங்கு கனத்தன. வைக்கோல் புரியைப் பிழிந்தால் சேறு வந்தது. சீனிச்சாமி ஒன்றை விரலால் குத்திப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நனைந்த விதையைத் தாசில்தார் முன்னால் தாம்பாளத்தில் வைக்க முடியுமா என்பதுதான் அவர் கவலை.

“எல்லாம் கெட்டுப்போச்சு. அவுக அவுக குப்பைய அவுக அவுக எடுத்துட்டுப் போங்க. இங்கன ஒரு மணி கெடக்கக் கூடாது.”

மலையம்மாள் அடியிலிருந்து தன் கோட்டையை உருட்டி எடுத்தாள். புரியை அவள் இடக்கைப் பக்கமாக முறுக்குவாள். அடையாளம் பார்க்க வேண்டியதில்லை.

“சரிண்ணே,” என்றாள்.

நாலு வருஷத்துக்குப் பிறகு வந்த அண்ணே. அவர் கொஞ்சம் இளகிப்போய், கனமாக இருக்கும், பார்த்துத் தூக்கு என்றார். அவள் தூக்கினாள்.

வீட்டில் கோட்டையைப் பிரிக்காமலே வைக்கோல் போட்டு மூடி, அம்மிக்கல்லை ஏற்றினாள். மறுநாள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஒவ்வொரு நெல்லின் மூக்கிலும் வெள்ளையாக ஒரு முனை. அன்றைக்கே நாற்றங்காலில் விதைத்தாள். நாலு வீட்டுக்காரர்களும் விதைத்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்த பிறகு ஓடி ஓடிச் சேறு கலக்கினார்கள். சிலருடையது தப்பியது, சிலருடையது அழுகியது.

அதே அறையில் நனைந்த சீனிச்சாமியின் ஒன்பது கோட்டையை மொட்டைமாடியில் கொட்டிக் காயவைத்தார்கள். நல்ல நாள் ஆனி கடைசியில் இருக்கிறது, அதற்கு முன்னால் விதைக்க அவர் என்ன கடைமடைக்காரரா? ஊறி முளை எட்டிப் பார்த்த நெல்லை ஆனி வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்ல யாரும் போகவில்லை. சொன்னால் கேட்கிற ஆளாக இருந்தால் அவர் வீட்டுக்குள் ஆறு வந்திருக்காது. நன்றாகக் காய்ந்து, கலகலவென்று சத்தம் கேட்டது. நல்ல நாளில் தாசில்தார் வரவில்லை. வேறு ஊரில் வேலை என்று சேதி வந்தது. சீனிச்சாமி மேளம் வைத்துத் தாமே விதைத்தார். பத்து நாள் வரைக்கும் நாற்றங்காலைப் போய்ப் போய்ப் பார்த்தார். சேறு சேறாகவே இருந்தது.

ஆடி முதல் வாரம் வாய்க்காலில் தண்ணீர் திறந்தார்கள். முறையைத் தள்ளி வைக்க வழியில்லை. தள்ளி வைத்து வேறு யாருக்குக் கொடுப்பது, அவளையும் அந்த நாலு வீட்டையும் விட்டால் நடுகிற பருவத்தில் நாற்று யாரிடமும் இல்லை. கடைமடையில் தண்ணீர் புகுந்து வயல் நிறைந்தது. மலையம்மாள் கணுக்கால் சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாலு வீட்டுப் பெண்களும் கூட நின்றார்கள். வரப்பில் நாற்றுக் கட்டுகள் வரிசையாக இருந்தன.

தாசில்தார் அன்றைக்குத்தான் வந்தார். விதைப்பு பார்க்க அல்ல. புது வாய்க்காலைப் பார்க்க. குதிரையில் வந்தவர் குளிக்கவும் இல்லை, தங்கவும் இல்லை. மேலே எங்கேயும் நடவு இல்லாமல் கடைமடையில் மட்டும் பச்சையாக இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார். பின்னால் ஓடிவந்த சீனிச்சாமிக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சோடு அவர் சொன்னார்: ஊர் விதையெல்லாம் தம் வீட்டில்தான் இருந்தது, தாமே தம் வீட்டுக்குள் தண்ணீர் கட்டி, ஒரு பகல் ஓர் இரவு ஊறவைத்து, ஏழைப்பட்டவர்களுக்கு முதலில் எடுத்துக் கொடுத்தார். இதற்கென்றே வீட்டில் ஒரு கதவு செய்து வைத்திருக்கிறார். உள்பக்கம் திறக்கிற கதவு.

வரப்பில் நின்ற ஞானமுத்துவுக்கு இருமல் வந்துவிட்டது.

தாசில்தாருக்கு அது புதுமையாகப் பட்டது. வயலைப் பார்த்து, ஏம்மா, மணியக்காரர் சொல்வது நிஜமா என்று கேட்டார்.

மலையம்மாள் நிமிர்ந்தாள். கையில் பாதிக் கட்டு நாற்று இருந்தது. சீனிச்சாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல் என்று அவர் தலை தானாக ஆடியது.

“நெசம்தான்யா,” என்றாள். “அவுக மட்டும் அந்தக் கதவச் சரியா மாட்டியிருந்தா எனக்கு இந்த நாத்து இல்ல.”

சீனிச்சாமி சிரித்தார். தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் சிரிக்கவில்லை. சரியாக மாட்டியிருந்தால் என்றால் என்ன என்று அவர் திரும்பிச் சீனிச்சாமியிடம் கேட்கத் தொடங்கும்போது, மலையம்மாள் குனிந்து அடுத்த நாற்றை ஊன்றினாள்.